ஓசூரில் ஐந்து நாளும் ஒரு நீலக் கோட்டும்

தில்லியில் உடை வடிவமைப்புப் படித்த மூன்றாம் வருடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். யாரும் அழகு என்று நினைக்காத ஓர் உடுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை உடுத்துகிறவர்களோடு சில நாள் இருந்து வரைய வேண்டும், துணியில் ஏதாவது சோதனை செய்து பார்க்க வேண்டும், கண்காட்சி எதையாவது போய்ப் பார்த்து எழுத வேண்டும். உடன் படித்தவர்கள் ரயில்வே கூலிகளின் சிவப்புச் சட்டை என்றும், கல்யாண பேண்டுக்காரர்களின் உடுப்பு என்றும் எழுதிக் கொடுத்தார்கள். நான், ஓசூர்த் தொழிற்சாலைப் பெண்கள் சேலைக்கு மேல் போடுகிற நீலக் கோட்டு என்று எழுதினேன்.

அந்தக் கோட்டை நான் ஒரே ஒரு புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன். அதைப் போட்டிருந்தவள் என் அக்கா கலா.

எங்கள் ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. ஆறு வருடம் முன்பு, ஒரு தொழிற்சாலையில் எந்திரம் பூட்ட வந்த ஓசூர்க்காரர் ஒருவருக்கும் அக்காவுக்கும் பழக்கமானது. அவர் பெயர் முனிராஜ். வேறு சாதி, வீட்டில் பேசுவது தெலுங்கு. அவர் எழுதிய கடிதம் ஒன்று அக்காவின் டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் இருந்தது. அதை எடுத்து அப்பா கையில் கொடுத்தது நான். எனக்கு அப்போது பதினான்கு வயது. அக்கா போய்விட்டால் அந்த வீட்டில் நான் தனியாகிவிடுவேன் என்ற பயம்தான். அப்பா அவளை அடித்தார். ஒரு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைத்தார். பூட்டைத் திறந்த வாரத்தில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டாள். மூன்றையும் அப்பா கிழித்தார். கடைசிக் கடிதம் போன வருடம் நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது வந்தது. அதோடு இருந்த புகைப்படத்தையும் முகவரியையும் அவர் கிழிக்கும் முன்பு நான் பார்த்துவிட்டேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். பெங்களூரில் கண்காட்சி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய்யில்லை, முழு உண்மையுமில்லை.

அக்காவுக்குச் சாளைக் கருவாடு என்றால் உயிர். கடைத்தெருவில் ஒரு கிலோ வாங்கி, மூன்று மடிப்பு பிளாஸ்டிக்கில் கட்டிப் பைக்குள் வைத்திருந்தேன். சேலம் தாண்டியதும் பஸ்ஸில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "யாரோ எலி செத்த பையைக் கொண்டாந்துக்கிறாங்க" என்றார் கண்டக்டர். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. டயர். இறங்கி எல்லோரும் புளியமரத்தடியில் நின்றோம். கண்டக்டர் டிரைவரோடு தெலுங்கில் சண்டை போட்டார், ஒரு கிழவருக்குக் கன்னடத்தில் ஆறுதல் சொன்னார், பிறகு என் பையைப் பார்த்துத் தமிழில், "ஏம்மா, அதை மேல கட்டிரலாமா?" என்றார். கடைசி எழுபது கிலோமீட்டரும் என் கருவாடு பஸ்ஸின் கூரையில் வந்தது.

ஓசூரில் இறங்கியதும் காற்று இதமாக இருந்தது. மாசி மாதம், மதியம் இரண்டு மணி. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியாது. இங்கே மண் சிவப்பாக இருந்தது. தொழிற்பேட்டைச் சுவர்கள் நீளநீளமாகப் போயின. சுவருக்குச் சுவர் இடையில் கேழ்வரகு அறுத்த நிலம் கிடந்தது.

அக்கா வீடு ஒரு லைன் வீட்டில் நான்காவது கதவு. கதவைத் திறந்தவர், என்ன வேண்டும் என்று தெலுங்கில், "ஏமி காவாலம்மா?" என்றார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கலா தங்கச்சிதான நீயி? அப்படியே அவ மூஞ்சி" என்றார். "இன்னாத்துக்கு வெளிய நிக்கிற, உள்ள வா. அவ ஷிப்டுக்குப் போயிருக்கா. வந்துருவா."

இவர்தான் முனிராஜ். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி "அத்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எங்கள்ல பாவான்னுவாங்க. உனக்கு வாயில வராது. மாமான்னே கூப்புடு" என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வைப் பற்ற வைத்து டீ போட்டார். யாருடைய கடிதத்தை நான் திருடி அப்பாவிடம் கொடுத்தேனோ, அவர் எனக்கு இரண்டாவது டம்ளரும் டீ ஊற்றினார்.

நாலரைக்கு அக்கா வந்தாள். வாசலில் என் செருப்பைப் பார்த்து நின்றாள். உள்ளே வந்தாள். ஆறு வருடத்தில் மெலிந்திருந்தாள். கழுத்து வரை பொத்தான் போட்ட நீலக் கோட்டு. கட்டிப் பிடிப்பாள் என்றோ கத்துவாள் என்றோ வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"சாப்ட்டியா?" என்றாள். அவ்வளவுதான்.

கருவாட்டைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "இந்த லைன்ல இதை வறுத்தா நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்று மறுபடியும் கட்டி, பரண்மேல் வைத்தாள். பேச்சு மாறிப்போயிருந்தது. எங்கள் ஊர்ச் 'சொல்லுதேன், வாரேன்' எல்லாம் போய், முனிராஜ் மாமாவின் தமிழ் வந்திருந்தது. பக்கத்து வீட்டோடு கன்னடம். கணவரோடு பாதி தெலுங்கு. என்னோடு மட்டும் எந்தப் பேச்சில் பேசுவது என்று அவளுக்குப் புரியவில்லை போலிருந்தது. அதனால் குறைவாகப் பேசினாள்.

மறுநாள் சனிக்கிழமை. கல்லூரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். காவலாளி படித்துப் பார்த்து, "துணி வரையறதுக்கா? இங்க செய்யறது துணி இல்லம்மா, சுவிட்ச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதிரில் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து, ஷிப்ட் விடும்போது வெளியே வருகிறவர்களை வரைந்தேன்.

எல்லாம் ஒரே கோட்டு என்று நினைத்துத்தான் வந்தேன். டீக்கு நின்றவர்களைப் பக்கத்தில் பார்த்தால், ஒன்றுகூட ஒன்று போல இல்லை. ஒருத்தி கைமடிப்பின் உள்பக்கம் சிவப்பு நூலில் தன் பெயரைத் தைத்திருந்தாள். ஒருத்தி காலரின் அடியில் சின்ன மயில். கண்காணிப்பாளர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒவ்வொன்றையும் செய்திருந்தார்கள். அக்காவோடு வேலை பார்க்கிற நாகரத்னா என் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா வரைஞ்சிருக்க. பாக்கெட் எதுக்கு வரைஞ்ச?" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். கோட்டுகளில் பாக்கெட்டே இல்லை.

"பாக்கெட் வச்சா சாமானைப் போட்டுகினு போயிருவோமாம்" என்று நாகரத்னா சிரித்தாள். "பஸ் பாஸை ஜாக்கெட்டுக்குள்ளதான் சொருகணும். ஆம்பளைங்க கோட்ல மட்டும் ரெண்டு இருக்கு, பாரு."

நான் வரைந்த பாக்கெட்டுகளை அங்கேயே அழித்தேன்.

அன்று சாயங்காலம் மாமா அவர் பட்டறையிலிருந்து ஒரு பை நிறைய இரும்புச் சுருள் கொண்டுவந்தார். கடைசல் எந்திரத்தில் இரும்பைச் சீவும்போது தலைமுடிச் சுருள் மாதிரி விழுவது. "தெருவுல கொட்டறதுதான். உனக்கு எதுக்கு?" என்றார். வெள்ளைப் பருத்தித் துணியைப் புளித்தண்ணீரில் நனைத்தேன். அதன்மேல் சுருள்களைப் பரப்பி, பாய் போலச் சுருட்டி, மொட்டை மாடியில் ஈரம் காயாமல் மூடி வைத்தேன். மறுநாள் பிரித்தால் துணி முழுக்கத் துருவின் வளையங்கள். தேன் நிறம், செங்கல் நிறம், ஓரத்தில் கறுப்பு. எனக்கு ஒரே பெருமை. அக்கா துணியைக் கையில் எடுத்து இருபுறமும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இந்தக் கறை கோட்ல பட்டா எங்களுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு விடுமுறை. பெங்களூருக்கு நானும் வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். சேலை மாற்றிப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் சன்னலோரம் எனக்குக் கொடுத்தாள். அத்திப்பள்ளியில் போர்டுகள் கன்னடத்துக்கு மாறின. நான் சட்டென்று எழுத்தறிவில்லாதவள் ஆனேன். அக்கா ஒவ்வொரு கடைப் பெயராகப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிக் காட்டியவளும் அவள்தான்.

கண்காட்சி பெரிய மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய பங்களாவில் நடந்தது. யாரோ ஒரு வடிவமைப்பாளர் 'உழைப்பு' என்ற தலைப்பில் உடைகள் வைத்திருந்தார். காக்கித் துணியில் நீள அங்கி, அதில் வேண்டுமென்றே ஒட்டுப்போட்ட முழங்கை, வேண்டுமென்றே தேய்த்த எண்ணெய்க் கறை. ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து மஞ்சள் விளக்கு. நான் நோட்டை எடுத்து வேகவேகமாக வரைந்தேன். அக்கா ஓர் அங்கியின் பக்கம் போய்த் தையலைப் பார்க்க ஓரத்தைப் பிடித்தாள். "முட்டபேடி!" என்று காவலாளி ஓடிவந்தார். தொடக்கூடாதாம்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். கன்னடத்திலேயே அவருக்குப் பதில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "என்னக்கா சொன்னே?" என்றேன்.

"துணி நல்ல துணி, துவைக்கத்தான் ஆளில்லைன்னேன்."

வெளியே வந்து ஒரு ஓட்டலில் செட் தோசை சாப்பிட்டோம். மூன்று தோசை, பஞ்சு மாதிரி, தொட்டுக்கொள்ளக் குருமா போல ஒரு கிண்ணம் சாகு. அவள் கன்னடத்தில் சொல்லி வாங்கி, என் தட்டில் ஒன்றை எடுத்து வைத்தாள். "நீயும் இப்படித்தான் வைப்பியா? எங்க கோட்டை எடுத்துட்டுப் போயி, விளக்குப் போட்டு?" என்று கேட்டாள். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். திரும்பும்போது ஆளுக்கொரு யோசனையில் பஸ் மாறி ஏறிவிட்டோம். அது ஆனேக்கல் போகிற பஸ். வழியில் இறங்கி, வண்டிகள் புழுதி கிளப்பிய ஒரு முக்கில் முக்கால் மணி நேரம் நின்றோம். அவள் முந்தானையை என் தலைக்கும் சேர்த்துப் போட்டாள். ஏறிட்டுப் பார்த்தபோது அவள் கழுத்தில், இடது தோளை நோக்கி ஒரு தழும்பு ஓடுவதைக் கண்டேன். "என்னக்கா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் நாகரத்னா வந்து, தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் நடக்கிறது, குடும்பத்தாரை உள்ளே விடுகிறார்கள், அங்கேயும் ஒரு கண்காட்சி இருக்கிறது என்றாள். நான் துள்ளி எழுந்தேன். அக்காவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். காலையில் வீட்டில்தான் இருந்தாள். "அதுல பாக்க ஒண்ணுமில்ல, போகாத" என்றாள். நான் கேட்கவில்லை. நாகரத்னாவோடு போனேன்.

கேன்டீன் கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரம் போட்டுச் சாமான்களை அடுக்கியிருந்தார்கள். நசுங்கிய தலைக்கவசம். உருகிப்போன கையுறை. பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்கள். கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு பச்சைச் சேலை. முந்தானை கயிறாக முறுக்கிக் கிழிந்து, கிரீஸ் அப்பியிருந்தது. அட்டையில் எழுதியிருந்தது: 'கவனக்குறைவின் விளைவு.'

சேலையின் கரையோரம் மஞ்சள் நூலில் ஒரு சின்னப் பூ இருந்தது. ஐந்து இதழ். ஐந்தாவது இதழ் கோணல்.

அது எங்கள் அம்மாவின் தீபாவளிச் சேலை. பன்னிரண்டு வயதில் அதை நான் இஸ்திரி போடப்போய்ப் பொசுக்கிவிட்டேன். அம்மா பார்ப்பதற்குள் ஓட்டையை மூட, அக்கா சேலையை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான் அந்தப் பூவைத் தைத்தேன். நான் துணியில் போட்ட முதல் தையல். வீட்டைவிட்டுப் போனபோது அக்கா இந்தச் சேலையை மட்டும் எடுத்துப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள் நாகரத்னா மெல்ல. "பெல்ட்டுக்குள்ள முந்தானை போயிருச்சு. இழுத்துகினே போச்சு. நான்தான் சுவிட்ச அமுக்கினேன். தோள் எலும்பு கழண்டு, கழுத்தெல்லாம் அறுத்து, நாற்பது நாள் ஆஸ்பத்திரி. அதுக்கு அப்புறந்தான் எல்லாருக்கும் இந்தக் கோட்டு தைச்சுக் குடுத்தாங்க."

நான் அழகென்று வரைய வந்த கோட்டு எதிலிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. பென்சில் கையில்தான் இருந்தது. வரைய முடியவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"பார்த்துட்டியா?"

"அப்பவே ஏன்க்கா எழுதல? சாகக் கிடந்திருக்கே. எங்களுக்கு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?"

"யாருக்கு எழுத? கிழிக்கிறவருக்கா?" என்றாள். கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "அந்தச் சேலையைத் திருப்பிக் கேட்டேன். காட்டறதுக்கு வேணும்னு வச்சுக்கிட்டாங்க. வருசா வருசம் எடுத்து மாட்டறாங்க. நான் அந்தப் பக்கமே போறதில்ல" என்றாள்.

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்கக்கா."

அவள் நிமிர்ந்தாள். நான்கு நாளில் முதல்முறை அவள் குரல் எங்கள் ஊர்க் குரலாக வந்தது. "ஏட்டி, பெல்ட்டுக்கு மேல தகரமூடி உண்டு. வேலை மெதுவா போகுதுன்னு அதைக் கழத்தி வச்சது யாரு? நானா? நீ வரையணும்னா வரைஞ்சுக்கோ. காட்டணும்னா எங்க வேணாலும் காட்டு. அந்த வார்த்தையை மட்டும் எழுதிராத."

மறுபடி கேன்டீனுக்குப் போய் அந்தச் சேலையை வரைந்தேன். பின்னால் தில்லியில் கல்லூரிக் கண்காட்சிக்கு நான் வைத்த ஆறு உடைகளும் நீலக் கோட்டுகள்தான். துருக் கறையைத் துணியில் அச்சடித்து, கண்ணில் படுகிற இடத்தில் பாக்கெட் வைத்துத் தைத்தேன். மேலே விளக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தொட்டுப் பாருங்கள் என்று எழுதி வைத்தேன். பக்கத்தில் பச்சைச் சேலையின் படம். அதன் கீழே, 'எந்திரத்தின் மூடி கழற்றப்பட்டிருந்தது.' சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்றாள் அக்கா. வந்ததும், பையை உள்ளே வைத்துத் தருகிறேன் என்று ஏறினாள். வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. அவள் இறங்கவில்லை. கண்டக்டரிடம் சூளகிரிக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். "அங்க இறங்கித் திரும்பிக்கிறேன். ஷிப்டு மூணரைக்குத்தான்."

இனியும் சொல்லாமல் இருந்தால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "அக்கா, அந்த லெட்டரை அப்பாகிட்ட குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். எனக்கு அடி விழும்போது நீ காதைப் பொத்திக்கிட்டு அழுதே பாரு, அப்பவே."

எனக்கு அழுகை வந்தது. அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "அதுக்காக உன்மேல கோவப்பட்டேன். ஒரு ஆறு மாசம் இருக்கும். அப்புறம், நீ சின்னப் பிள்ளைதானன்னு போயிருச்சு. ஆனா நீ வளர்ந்துட்டே இல்ல? தில்லி வரைக்கும் போயிட்டே. நான் மூணு லெட்டர் போட்டேன். நீ ஒண்ணு போட்டிருக்கலாம்."

கடிதத்தைக் கொடுத்ததற்குப் பதினான்கு வயது என்று ஒரு சாக்கு இருந்தது. கடிதம் போடாததற்கு ஒன்றும் இல்லை.

சூளகிரி வந்தது. சிலர் இறங்கினார்கள். அக்கா எழுந்து நின்றாள், கம்பியைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "கிருஷ்ணகிரி ஒண்ணு" என்றாள் கண்டக்டரிடம். என் கை அவள் மடியில் இருந்தது. அவள் அதை எடுத்து விரல்நுனிகளில் ஊசி குத்திய காய்ப்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிருஷ்ணகிரியில் இறங்கினாள். நான் சன்னல் வழியாக, "அம்மாகிட்ட தனியாக் கூப்பிட்டுச் சொல்லுதேன்க்கா, உன்னைப் பார்த்தேன்னு" என்றேன்.

"தனியாச் சொல்லாத" என்றாள். "அப்பா இருக்கும்போது சொல்லு. சத்தமாச் சொல்லு."

ஓசூர் பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. அவள் சாலையைக் கடந்து ஓடி ஏறினாள். இடது கையை அவளால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வலது கையை மாற்றிக் கம்பியைப் பிடித்தாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவர் எதிரில் போய் நின்றேன். "நான் ஓசூருக்குப் போயிட்டு வாரேன். அக்காவைப் பார்த்தேன்" என்றேன். சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அப்பா தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கொல்லைக்குப் போய்க் கை கழுவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"அங்க தண்ணி எப்படி? உப்பா?"

"இல்லப்பா" என்றேன். "நல்ல தண்ணி."

அவர் தலையை ஆட்டினார். துண்டால் கையைத் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.